வங்கியும் நம் ஊரும் – 17: ஜெராக்ஸ் போன வழி

“ஆதார் ஜெராக்ஸ் நாலு, பான் ஜெராக்ஸ் ரெண்டு, பாஸ்புக் முதல் பக்கம், போட்டோ ஆறு.”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலை தேடி வரும் எவர் காதிலும் முதலில் விழும் வாசகம் இது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களும், மாதர்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்த உள்ளூர்ப் பையன்களும் ஒரே ஜெராக்ஸ் கடை வாசலில் நிற்கிறார்கள். ஒரு செட் லேபர் காண்ட்ராக்டருக்கு. ஒன்று கம்பெனி கேட்டில் பாஸ் போடுவதற்கு. ஒன்று பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்குக்கு. ஒன்று சம்பளக் கணக்கு திறக்க. சிம் கார்டுக்கு ஒன்று, லைன் வீட்டு ஓனருக்கு ஒன்று. ஆறு மாதத்தில், சேர்ந்த இரும்பு ஆலையை விட்டுவிட்டு அடுத்த தெரு ஆலைக்குப் போனால் மறுபடியும் அதே ஆறு செட். பழைய செட் எதுவும் யாரிடமிருந்தும் திரும்பி வருவதில்லை. அவை எங்கே போகின்றன, யார் எடுத்துப் பார்க்கிறார்கள், யாருக்குக் கைமாறுகின்றன என்று கேட்க அந்தத் தொழிலாளிக்கு ஓர் இடமும் கிடையாது.

சென்ற இதழில் வங்கிக் கிளைகள் ஊருக்குள் வந்த கதையைப் பார்த்தோம். 1969 ஜூலை 19 அன்று நாட்டுடைமையான 14 வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் சென்னையில் பிறந்தவை. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்த திருவள்ளூர் மாவட்டத்துக்கு இந்தியன் வங்கிதான் முன்னோடி வங்கி. கிளை வந்தது, கவுண்டர் வந்தது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர், இந்தப் பக்கம் நிற்பவர் இன்னார்தான் என்று எப்படித் தெரிந்துகொண்டார்? தெரிந்துகொண்டதில் பிழை நேர்ந்து, ஒருவர் பெயரில் இன்னொருவர் பணத்தை எடுத்துப்போனால் நட்டம் யார் தலையில் விழுந்தது? இந்த இதழ் அந்தக் கேள்வியைப் பற்றியது. நூறாண்டுக்கும் மேலான வங்கிச் சட்டத்தின் பெரும்பகுதி இந்த ஒரு கேள்விக்குச் சொல்லப்பட்ட, மாற்றிச் சொல்லப்பட்ட, சில சமயம் சொல்லாமல் விடப்பட்ட பதில்தான்.

பழைய பதில் தெளிவானது. கையெழுத்து போலியென்றால் நட்டம் வங்கிக்கு. 1881-ம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் அடிப்படையில் வளர்ந்த வழக்கு இது: வாடிக்கையாளர் கையெழுத்திடாத காசோலை, காசோலையே ஆகாது, அதற்குப் பணம் கொடுத்த வங்கி தன் சொந்தப் பணத்தைக் கொடுத்ததாகத்தான் கணக்கு. இதை உச்ச நீதிமன்றம் 1987-ல் கனரா வங்கி – கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தது. அந்த நிறுவனத்தின் கணக்கர், நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு 42 காசோலைகளில் சுமார் 3.26 லட்சம் ரூபாயை எடுத்திருந்தார். பல ஆண்டு நடந்த திருட்டு. “பாஸ்புக்கைப் பார்த்திருந்தால் வாடிக்கையாளருக்கே தெரிந்திருக்குமே, அவர் கவனக்குறைவாக இருந்துவிட்டாரே” என்று வங்கி வாதிட்டது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கவனக்குறைவு என்று சொல்லிவிட்டால் போலிக் கையெழுத்து உண்மைக் கையெழுத்தாகிவிடாது.

வாசகர்கள் இந்த வாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இருபது ஆண்டுகள் கழித்து, கையெழுத்து இருந்த இடத்தில் பாஸ்வேர்டு வந்து உட்கார்ந்தபோது, வங்கிகள் அதே வாதத்தைத் திரும்ப எடுத்தன.

அந்தக் காலத்தில் ஆளை அடையாளம் காட்டியது இன்னொரு ஆள். புதிதாகக் கணக்கு திறக்க வேண்டுமென்றால், அந்தக் கிளையில் ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். இது வெறும் சம்பிரதாயமாக வந்ததில்லை. திருட்டுக் காசோலையை வசூலித்துக் கொடுத்த வங்கி, தான் கவனத்தோடுதான் நடந்தேன் என்று நிரூபித்தால்தான் அதே செலாவணி முறிச் சட்டத்தின் 131-ம் பிரிவின் பாதுகாப்பு அதற்குக் கிடைக்கும். அறிமுகம் இல்லாமல் கணக்கு திறந்தாலே கவனக்குறைவு என்று நீதிமன்றங்கள் கருதின. ஆகவே மேலாளர்கள் தெரிந்த முகம் இல்லாமல் படிவத்தையே தொட மாட்டார்கள். திருட்டைத் தடுத்த இந்த வேலி, ஏழையையும் வெளியூர்க்காரரையும் சேர்த்தே தடுத்தது. கும்மிடிப்பூண்டியில் ஜி.என்.டி. சாலையோரம் ஆலைகள் எழுந்தபோது வேலைக்கு வந்தவர்களுக்கு யார் அறிமுகக் கையெழுத்துப் போடுவது? அவர்களுக்குச் சம்பளம் கவரில் வந்தது. ஊருக்குப் பணம் மணியார்டரிலோ, ஊருக்குப் போகும் ஆள் மடியிலோ போனது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு உலகம் முழுவதும் பணம் போகும் வழியைக் கண்காணிக்கும் விதிகள் இறுகின. ரிசர்வ் வங்கி 2002 ஆகஸ்டில் ‘உங்கள் வாடிக்கையாளரை அறிந்துகொள்ளுங்கள்’ என்ற கட்டளையை அனுப்பியது. இன்று கடைத்தெருவில் எல்லார் வாயிலும் புழங்கும் கேஒய்சி அதுதான். 2004 நவம்பரில் அது விரிவாக்கப்பட்டது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டம் 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. தெரிந்த ஆள் போய், தாள் வந்தது. அறிமுகக் கையெழுத்தைக் கேட்கவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-ல் சொல்லிவிட்டது. 2014-ல் முகவரிச் சான்று ஒன்று போதும், அது சொந்த ஊர் முகவரியாகவே இருக்கலாம் என்றது. இவை நல்ல முடிவுகள். பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவருக்கு வங்கிக் கதவைத் திறந்தவை.

ஆனால் தாளை நம்பும் முறையில் ஒரு ஓட்டை பிறவியிலேயே இருந்தது. தாளைப் பிரதி எடுக்கலாம். கேஒய்சி வந்து நான்கு ஆண்டு முடிவதற்குள் அது அம்பலமாயிற்று. 2003 முதல் 2005 வரை வந்த புதுப் பங்கு வெளியீடுகளில் சிறு முதலீட்டாளர்களுக்கென ஒதுக்கிய பங்குகளை ஒரு சிலர் ஆயிரக்கணக்கான பொய்ப் பெயர்களில் டீமேட் கணக்கு திறந்து அள்ளிக்கொண்டார்கள். ஒரே முகவரியில் ஆயிரக்கணக்கான கணக்குகள் இருந்ததைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கண்டுபிடித்து 2006 ஏப்ரலில் விரிவான ஆணை வெளியிட்டது. அந்த விவகாரத்தில் கேஒய்சி விதிகளை மீறியதற்காக ரிசர்வ் வங்கி 2006-ல் பல வங்கிகளுக்கு அபராதம் போட்டது. அவற்றில் ஒன்று சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் ஓவர்சீஸ் வங்கி. மறு ஆண்டே அது இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோடு இணைந்தது.

இனி தமிழ்நாட்டிலேயே நடந்த, இந்தத் துறையில் இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டப்படும் வழக்குக்கு வருவோம்.

தூத்துக்குடியைச் சேர்ந்த ஒருவர் அபுதாபியில் வேலை பார்த்துவந்தார். ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் அவருக்குக் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து வந்ததுபோல ஒரு மின்னஞ்சல். உங்கள் விவரங்களைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு இல்லாமல் போய்விடும் என்று அதில் இருந்தது. வங்கியிடமிருந்து வழக்கமாக வரும் அஞ்சல்களின் தோற்றம் அதற்கு இருந்தது. அவர் விவரங்களைக் கொடுத்தார். சில நாளில் அவர் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாய் மும்பையில் உள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குக்குப் போயிருந்தது. அந்த நிறுவனமும் அதே வங்கியின் வாடிக்கையாளர்தான். வந்த பணத்தில் 4.6 லட்சத்தை மும்பைக் கிளையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டது.

கனரா சேல்ஸ் வழக்கில் கேட்ட அதே குரல் இங்கேயும் ஒலித்தது. வாடிக்கையாளர் ரகசிய விவரத்தைத் தானே கொடுத்துவிட்டார், ஆகவே குற்றம் அவருடையது என்றது வங்கி. அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பு வழங்கும் அதிகாரியாக இருப்பார் என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதிகம் பேர் தட்டாத அந்தக் கதவை அவர் தட்டினார். அப்போது செயலராக இருந்தவர் பி.டபிள்யூ.சி.டேவிதார். 2010 ஏப்ரல் 12 அன்று அவர் வழங்கிய ஆணையில், அனுமதியற்ற நுழைவைத் தடுக்கத் தேவையான அக்கறையோடு நடந்ததாக வங்கி நிரூபிக்கவில்லை என்று முடிவு செய்தார். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 12.85 லட்சம் ரூபாயை 60 நாளில் கொடுக்கும்படி உத்தரவிட்டார்.

இந்த ஆணையின் மதிப்பு தொகையில் இல்லை; கேள்வியைத் திருப்பிப் போட்டதில் இருக்கிறது. ஏமாந்தவர் ஏன் ஏமாந்தார் என்று மட்டும் கேட்காமல், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை யார் திறந்தார்கள், யாரை அறிந்து திறந்தார்கள், பணத்தை எடுத்துச் செல்ல எப்படி விட்டார்கள் என்று வங்கியைக் கேட்டது. திருடனுக்கும் ஒரு வங்கிக் கணக்கு தேவை. அந்தக் கணக்குக்கும் கேஒய்சி உண்டு. திருட்டுப் பணம் தரையிறங்கும் அந்த இடத்தில்தான் வங்கியின் பொறுப்பு தொடங்குகிறது.

பிறகு நடந்தது நம் நாட்டு நீதியின் சோகம். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் 2011 ஜூனில் ஓய்வுபெற்றார். அதன்பின் அந்த நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. ஆறு ஆண்டு காலியாகவே கிடந்து, 2017-ல் அந்தத் தீர்ப்பாயம் தொலைத்தொடர்புத் தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்தோடு இணைக்கப்பட்டது. மேல்முறையீடு தள்ளுபடியானது 2019-ல். பணம் போனது 2007-ல். அபுதாபியில் சம்பாதித்த, வழக்கறிஞர் வைக்க முடிந்த, சட்டம் தெரிந்தவர்களின் துணை கிடைத்த ஒருவருக்கே பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்றால், உருட்டாலையில் ஷிப்ட் பார்க்கும் தொழிலாளி எந்தத் தைரியத்தில் படியேறுவார்?

இதற்கிடையில் நாடாளுமன்றம் 2008-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத் திருத்தி, 66சி என்ற பிரிவைச் சேர்த்தது. இன்னொருவரின் மின்கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ வேறு தனி அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். அடையாளத் திருட்டு தனிக் குற்றமாக இந்தியச் சட்டத்தில் ஏறியது அப்போதுதான். 2009 அக்டோபர் 27 முதல் அது அமலில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியின் கதை 2014-லிருந்து வேகம் பிடிக்கிறது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 28-ல் ஜன்தன் திட்டம். 2016 நவம்பர் 8-ல் பணமதிப்பு நீக்கம். அடுத்த மாதம் 28-ம் தேதி, தொழிலாளியின் எழுத்துச் சம்மதம் இல்லாமலேயே கூலியைக் காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ கொடுக்கலாம் என்று கூலி வழங்கல் சட்டம் திருத்தப்பட்டது. கவரில் வாங்கிய சம்பளம் சில மாதங்களில் கணக்குக்கு மாறியது. ஆலை வளாகத்துக்குள் மேசை போட்டுக் கொத்துக் கொத்தாகக் கணக்கு திறந்தார்கள். படிவத்தைக் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் நிரப்புவார். தொழிலாளி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். பல இடங்களில் மொபைல் எண்ணும் சூப்பர்வைசருடையதே. ஏடிஎம் கார்டு தபாலில் வந்தால் அதை வாங்கி வைத்துக்கொள்பவரும் அவரே. சம்பளம் போட்டுவிட்டு அதில் ஒரு பகுதியை அந்தக் கார்டிலேயே எடுத்துக்கொள்ளும் காண்ட்ராக்டர்கள் பற்றித் தொழிற்சங்கங்கள் பல தொழில்பேட்டைகளில் புகார் சொல்லியிருக்கின்றன. காகிதத்தில் பார்த்தால் அத்தனை கணக்குக்கும் கேஒய்சி குறையில்லாமல் இருக்கும்.

ஆதார் வந்தபின் தாளின் இடத்தைக் கைரேகை பிடித்தது. கொதிக்கும் இரும்போடு வேலை செய்கிறவர்களின் விரலில் ரேகை தேய்ந்துபோய்விடும். வங்கி முகவரின் சிறு கருவியில் பெருவிரலை வைக்கிறார், ஏற்கவில்லை. துணியில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைக்கிறார், ஏற்கவில்லை. தலையில் எண்ணெய் தடவி மறுபடி வைக்கிறார். தன் பணத்தைத் தான் எடுக்கவே இத்தனை பாடு. ஆனால் 2018-ல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒரு சிம் கார்டு விற்பனையாளர், நிலப் பத்திரங்களில் இருந்த கைரேகைகளை எடுத்து ரப்பர் அச்சு செய்து, முன்பின் தெரியாதவர்கள் பெயரில் ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை உயிர்ப்பித்தது வெளியானது. உண்மை விரல் தோற்கும் இடத்தில் போலி விரல் வென்றிருக்கிறது.

வெளியாள் மட்டும்தான் அடையாளத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. 2017-ல் சிம் கார்டைச் சரிபார்க்க ஆதார் கொடுத்தவர்களின் பெயரில், அவர்கள் அறியாமலேயே ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்கு திறக்கப்பட்டிருந்தது. அரசின் மானியம் கடைசியாக ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் போகும். ஆகவே 31 லட்சத்துக்கும் அதிகமானோரின் சமையல் எரிவாயு மானியம், ஏறத்தாழ 190 கோடி ரூபாய், அந்தப் புதிய கணக்குகளில் போய் விழுந்தது. சிலிண்டர் வாங்கிவிட்டு மானியம் எங்கே என்று பாஸ்புக்கைப் புரட்டியவர்களுக்கு விடை தெரியவில்லை. ஆதார் ஆணையம் 2017 டிசம்பரில் அந்த நிறுவனத்தின் இ-கேஒய்சி உரிமத்தை நிறுத்திவைத்தது. பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி அபராதம் விதித்தது. அமெரிக்காவில் இதே போன்ற ஒரு குற்றத்துக்காக 2016 செப்டம்பரில் வெல்ஸ் பார்கோ வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அங்கே ஊழியர்களே இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளர் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகளைத் திறந்திருந்தார்கள். இந்த அபராதங்களில் ஒரு பொதுவான குறை இருக்கிறது. பணம் அபராதம் விதித்த அமைப்புகளுக்குப் போகிறது. அலைந்து திரிந்த மனிதரின் நாள்கூலிக்கு அதில் பங்கில்லை.

தொழிலாளியின் பெயர் எதற்கெல்லாம் விலைபோகும் என்பதற்கு மும்பை காந்திவலி வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் 2021-ல் வெளிவந்த மோசடியைச் சொல்ல வேண்டும். மூடிப்போன நிறுவனங்களின் பெயரில், புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் ஆதார், வங்கிக் கணக்குகளை வைத்து, 20 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கோரிக்கைகள் மூலம் பணம் எடுக்கப்பட்டது. 800-க்கும் மேற்பட்ட கணக்குகள். சிறு கமிஷன் வாங்கிக்கொண்டு கணக்கைக் கொடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கும்மிடிப்பூண்டிக்கு இன்னும் நெருக்கமான ஒன்று, பழைய இரும்பு. அங்குள்ள உலைகளின் உணவே ஸ்கிராப். லாரி லாரியாக எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டி வருவதும் போவதும் அதுதான். பழைய இரும்பு வியாபாரத்தில், சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டு உள்ளீட்டு வரிச் சலுகையை எடுத்துக்கொள்ளும் மோசடி நாடெங்கும் மலிந்தது. பில் போட ஒரு ஜிஎஸ்டி எண் வேண்டும். அந்த எண்ணுக்கு ஓர் ஆதார், ஒரு பான், ஒரு வாடகை ஒப்பந்தம், ஒரு மின்கட்டண ரசீது போதும். மொபைல் எண் தரகருடையது. ஓடிபி அவருக்கே போகும். ‘உரிமையாளர்’ எங்கோ ஒரு கூலித் தொழிலாளி. 2023 ஜூனில் நொய்டா போலீசார் பிடித்த ஒரே கும்பல், திருடிய பான் விவரங்களை வைத்து 2,600-க்கும் மேற்பட்ட போலி நிறுவனங்களை நடத்தியிருந்தது. அதே ஆண்டு மே 16 முதல் ஜூலை 15 வரை நாடு முழுவதும் நடந்த சோதனையில் 21,791 ஜிஎஸ்டி பதிவுகளுக்கு உரிய நிறுவனமே இல்லை என்றும், 24,010 கோடி ரூபாய் வரி ஏய்ப்பு நடந்திருக்கலாம் என்றும் அரசு சொன்னது. ஜிஎஸ்டி பதிவுக்கு நேரில் கைரேகை வைக்கும் முறையை நாடு முழுவதும் கொண்டுவர 2024 ஜூன் 22-ல் ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைத்தது. பழைய உலோக வியாபாரத்துக்கு 2024 அக்டோபர் 10 முதல் 2 சதவீத வரிப்பிடித்தம் வந்தது. ஓட்டை அடைபடத் தொடங்கியது நல்லது. ஆனால் அதற்குள் கோடிக்கணக்கில் வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்து நின்ற குடிசைகளில், “இது நானில்லை” என்று நிரூபிக்கும் வேலை அந்தக் குடும்பங்களின் தலையில் விழுந்தது.

கணக்கை வாடகைக்கு விடும் பழக்கம் இதன் அடுத்த கட்டம். சைபர் மோசடியில் இந்தியா இழந்த பணம் 2023-ல் 7,465 கோடி, 2024-ல் 22,845 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் 2024-ல் 1,673 கோடி. இத்தனை பணமும் யாரோ ஒருவர் கணக்கில் இறங்கி, அடுத்த கணக்குக்குத் தாவி, ஏதோ ஓர் ஏடிஎம்மில் வெளியேறுகிறது. இப்படி இறங்கும் கணக்குகளை மியூல் அக்கவுண்ட் என்கிறார்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு பாஸ்புக்கையும் கார்டையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் இளைஞனுக்கு, தான் ஒரு குற்ற வழக்கில் மாட்டப்போவது தெரியாது. ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் இத்தகைய கணக்குகளைக் கண்டுபிடிக்க மியூல்ஹன்டர் என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கி, 2024 டிசம்பர் முதல் வங்கிகளுக்குப் பரிந்துரைத்து வருகிறது.

வலை வீசும்போது நிரபராதியும் சிக்குகிறார். மோசடிப் பணத்தில் ஒரு சிறு துளி உங்கள் கடைக்கு யுபிஐயில் வந்தாலும், வேறு மாநிலப் போலீசின் ஒரு மின்னஞ்சலில் உங்கள் கணக்கு முழுவதும் முடங்கலாம். 2024-ல் இப்படிப்பட்ட வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், சந்தேகத்துக்குரிய சுமார் 2.49 லட்சம் ரூபாயை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை இயக்க அனுமதிக்கும்படி உத்தரவிட்டார். எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவது வாழ்வாதாரத்தின் மீது கை வைப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். சிறு வியாபாரிகள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வங்கியின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கிளை மேலாளர் இரண்டு நெருப்புக்கு நடுவில் நிற்கிறார். கேஒய்சி புதுப்பிக்காத கணக்கை ஓடவிட்டால் தணிக்கையில் மாட்டுவார். நிறுத்தினால் சம்பளம் எடுக்க முடியாத நூறு பேர் வாசலில் நிற்பார்கள். அந்த நூறு பேரின் பயத்தைத்தான் திருடன் படித்து வைத்திருக்கிறான். ‘உங்கள் கேஒய்சி காலாவதி ஆகிவிட்டது, இன்றிரவு கணக்கு முடங்கும்’ என்று அவன் அனுப்பும் குறுஞ்செய்தி வேலை செய்வதற்குக் காரணம், அது பாதி உண்மை என்பதுதான். உண்மையிலேயே கணக்கு முடங்கும் நாட்டில் அந்தப் பொய் எளிதாக விலைபோகிறது. 2021 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே இந்த மோசடி பற்றி எச்சரிக்கை வெளியிட நேர்ந்தது. 2025 ஜூனில் ஒருவழியாக, ஆபத்துக் குறைந்த வாடிக்கையாளர்களுக்குப் புதுப்பிக்க ஓராண்டு வரை அவகாசம் தந்து, அதுவரை கணக்கை ஓடவிடச் சொன்னது. வங்கி முகவர்களிடமே புதுப்பித்துக்கொள்ளவும் வழி செய்தது. இதைப் பத்தாண்டு முன்பே செய்திருக்க வேண்டும்.

நட்டம் யார் தலையில் என்ற கேள்விக்கு ரிசர்வ் வங்கி எழுத்தில் கொடுத்த பதில் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. வங்கியின் பக்கம் குறை இருந்தால் வாடிக்கையாளருக்கு நட்டமே இல்லை, அவர் எப்போது புகார் சொன்னாலும் சரி. குறை இருவர் பக்கமும் இல்லாமல் நடுவில் எங்கோ நடந்திருந்தால், செய்தி வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னாலும் நட்டமில்லை. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் சொன்னால், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய் வரைதான் அவர் பொறுப்பு. புகார் வந்த 10 வேலை நாளுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, அசாம் வாடிக்கையாளர் ஒருவர் இழந்த 94,204 ரூபாயை ஸ்டேட் வங்கி கொடுத்தாக வேண்டும் என்ற தீர்ப்பை இந்த விதியின் பலத்தில்தான் உறுதி செய்தது. அவர் 24 மணி நேரத்துக்குள் புகார் சொல்லியிருந்தார்.

ஆனால் ஓடிபியை வாய்தவறிச் சொல்லிவிட்டால் புகார் கொடுக்கும்வரை போன பணம் முழுதும் அவருடைய நட்டம் என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. வங்கிகள் பெரும்பாலும் இந்த ஒரு வரியைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மொழியில் வரும் ஓடிபிக்கு ஒரு தொழிலாளி எந்த அளவு பொறுப்பாக முடியும் என்பதை எந்த விதியும் இன்னும் எடைபோடவில்லை. என் பார்வையில் இந்தச் சுற்றறிக்கையின் மிகப் பெரிய குறை இதுதான்.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் வங்கிக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன 2017 விதியைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் வங்காளத்திலும் பெரிய எழுத்தில் கவுண்டர் அருகே எழுதி ஒட்டுங்கள். ஆலை நிர்வாகங்களுக்கு ஒன்று: காண்ட்ராக்டர் வாங்கி வைக்கும் ஜெராக்ஸ்களுக்குக் கணக்கு கேளுங்கள், தொழிலாளி வேலையை விட்டுப் போகும் நாளில் அவர் கண்ணெதிரே அவற்றைக் கிழியுங்கள். தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. அதன் விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. வாங்கிய விவரத்தைத் தேவை முடிந்ததும் அழிக்கும் கடமை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. முழுமையாக அமலாகும் நாள்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வாசகர்களுக்கு: ஆதார் பிரதி கொடுக்கும்போது முதல் எட்டு எண்களை மறைத்த ஆதாரைக் கொடுங்கள், எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று தாளின் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். சிபில் அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை இலவசம்; நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால் எழுதிக் கொடுங்கள், 30 நாளில் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930, அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார், அதற்கு ஒப்புகைச் சீட்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். தொலைபேசி எண் 14448.

(தொடரும்)